பெட்டிக்கு வைத்த பொட்டு

கோழி வளர்ப்புப் பயிற்சிக்கு என்று சொல்லித்தான் தேனிக்குப் போனேன். தேனீப் பெட்டியோடு வந்து இறங்கினேன். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோவையாகச் சொல்ல வராது.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். விடியுமுன்னே எங்கள் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவார். சாயங்காலம் திருப்பி ஏற்றி வருவார். நானும் அதில்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓட்டுகிறவர் பெண்டாட்டி என்று முன்சீட்டு எல்லாம் கிடையாது. பின்னால், வலது பக்கம், சக்கரத்துக்கு மேலே என் இடம். கல்யாணம் ஆன மறுவருசத்திலிருந்து அதே இடம்.

போன ஆடியில் மழைக்குள் இறங்கி வரும்போது ஒரு வளைவில் ஜீப் ஓடைக்குள் இறங்கிவிட்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. எனக்கு இடுப்பு. ஓட்டியது அவர்தான். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதில்லை.

கம்பத்து டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, குனியக் கூடாது, குத்தவைக்கக் கூடாது, ஜீப் கொஞ்ச நாளைக்கு ஆகவே ஆகாது என்றார். ஏலக்காய் எடுப்பதே குத்தவைத்து நகர்ந்து நகர்ந்து செய்கிற வேலை. செடியின் காலடியில்தான் காய் இருக்கும். நின்றுகொண்டு எடுக்க அது மாங்காய் இல்லை.

வீட்டுக்காரர் சொன்னார்.

"ஆயுத பூச வரைக்கும் வீட்ல இருந்து பாரு. கோழி கீழின்னு ஏதாச்சும் தேறுச்சுன்னா இரு. தேறலன்னா பூச முடிஞ்சு ஏறிக்க. உன் எடத்த அதுவரைக்கும் யாருக்கும் குடுக்கல."

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அந்த ஜீப்பில் மறுபடி ஏறப் பயமாக இருந்தது. இடுப்புக்காக மட்டும் இல்லை. அந்த வளைவு கண்ணை மூடினால் வந்தது. வண்டி ஓட்டுகிறவரிடம் போய் உங்கள் வண்டியில் ஏறப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. எப்படியாவது இந்தக் கோழி தேறிவிட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அப்படித்தான் அந்தப் பயிற்சிக்குப் போனேன். காலையில் கோழி. கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, கோழியை அடைத்து வளர்த்தால்தான் நோய் வராது என்றார். அவர் போனதும் ஒரு அம்மா வந்து, நாட்டுக்கோழி என்றால் மேய விட வேண்டும், அடைத்தால் ஒன்றை ஒன்று கொத்திக்கொள்ளும் என்றார். எல்லாரும் இரண்டுக்கும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். மத்தியானம் சாப்பாடு போட்டார்கள். சாப்பாடு போட்டவர்களை விட்டு உடனே எழுந்து போவது மரியாதை இல்லை என்று உட்கார்ந்திருந்தேன். அப்போது தேனீ வகுப்பு ஆரம்பித்துவிட்டது.

தேனீக்கு இடம் வேண்டாம், தீனி வேண்டாம், குனிய வேண்டாம், அதுவே போய்த் தேடிக்கொண்டு வரும் என்றார்கள். குனிய வேண்டாம் என்றது மட்டும் எனக்குப் பிடித்தது. மானியத்தில் பெட்டி தருகிறோம், வேண்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். என் வரிசையில் எல்லாரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். பெட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போட்டார்.

வீட்டுக்காரர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"கோழிக்கு எதுக்கு புள்ள இம்புட்டுச் சின்ன கூடு?"

"கோழிக்கு இல்ல. தேனீக்கு."

"தேனீ எங்க?"

"அது பெறகு வருமாம்."

அவர் அதைத் தூக்கிக் கொல்லையில் கொண்டுபோய் வைத்துக் கொடுத்தார்.

தேனீயைக் கொண்டுவந்தவர் குமுளிப் பக்கத்து மலையாளத்தார். பொழுது சாய்கிற நேரத்தில் பைக்கில் வந்தார். பின்னால் கட்டியிருந்த சின்னப் பெட்டியிலிருந்து சட்டம் சட்டமாக எடுத்து என் பெட்டியில் வைத்தார். சட்டம் என்பது மரத்தில் நாலு பக்கம் அடித்த சின்னச் சன்னல் மாதிரி. அதில்தான் அடை கட்டும். கையில் உறைகூடப் போடவில்லை. நான் மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்றேன்.

"பேடிக்கண்ட சேச்சி, பயம் வேண்டா," என்றார். "நல்ல சுபாவம் உள்ள ஈச்சயாக்கும். சேச்சி சும்மா இருந்தா, இதும் சும்மா இருக்கும்."

"ராணி ராணின்னு சொன்னாக. அது எங்கன இருக்கு?"

அவர் ஒரு சட்டத்தைத் தூக்கிக் காட்டினார். இதோ நடக்கிறதே, நீளமாக, அது என்றார். நான் பார்த்தேன். எல்லாமே நடந்தது. எல்லாமே ஒரே மாதிரி இருந்தது. ஜீப்பிலிருந்து இறங்குகிற நாங்கள் தோட்டத்துக்காரருக்கு எப்படித் தெரிவோமோ அப்படி. தெரிகிறது என்று சொல்லிவிட்டேன்.

கோழிகளை ஆண்டிபட்டிப் பக்கம் இருக்கிற என் தங்கை கொண்டுவந்தாள். காலைக் கட்டி, கூடையில் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு, பஸ் மாறி வந்தாள். நாலு பெட்டை, ஒரு சேவல். இறக்கிவிட்டதும் சேவல் நேராகப் போய்த் தேனீப் பெட்டி மேல் ஏறி நின்று கூவியது.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் புரியவில்லை.

எறும்பு ஏறாமல் இருக்க, பெட்டித் தாங்கியின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். வைத்தேன். கோழிகள் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போயின. அவற்றுக்கென்று மண்சட்டியில் வைத்த தண்ணீரைத் தேனீக்கள் வந்து குடித்தன. நான் இரண்டையும் மாற்றி வைக்கலாமா என்று யோசித்தேன். எறும்பு ஏறியது. வீட்டுக்காரர் ஜீப்பில் வடித்த கழிவு ஆயிலைக் கொண்டுவந்து கிண்ணத்தில் ஊற்றினார். எறும்பு நின்றது. ஒரு பெட்டை அதில் மூக்கை விட்டுக் கறுப்பு மூஞ்சியோடு திரிந்தது. மற்றக் கோழிகள் அதை வேற்றுக்கோழி என்று நினைத்துக் கொத்தின.

ஒரு கோழி பெட்டி வாசலுக்குக் கீழேயே நின்றுகொண்டு விழுகிற ஈயை எல்லாம் தின்றது. அது நல்லதா கெட்டதா என்று போனில் கேட்டேன். செத்த ஈ என்றால் நல்லது, உயிரோடு இருக்கிற ஈ என்றால் கெட்டது என்றார் தேனீ கொண்டுவந்த பெட்டிக்காரர். கோழியிடம் அதை யார் சொல்வது?

மதினிக்குத்தான் கொண்டாட்டம். மதினி என்றால் என் சித்தப்பா மகன் அண்ணனின் மனைவி. எங்கள் கொல்லையை ஒட்டி அவர்களுடைய திராட்சைப் பந்தல். தினமும் காலையில் பந்தலைப் பார்க்க வந்தால் என்னையும் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

"என்ன நாத்தனா, தேன் எத்தன குடம்?"

"தை மாசம்தான் எடுக்கணுமாம்."

"தை மாசம் வரைக்கும் அதுக கிட்டக் கடி வாங்கணும். நல்ல பொழப்பு. அதுல ஒண்ணப் பிடிச்சு இடுப்புல கொட்ட விடு. வலி போயிரும்ங்கிறாக."

"உங்களுக்கு மூட்டு வலின்னீகளே. மொதல்ல நீங்க கொட்ட விட்டுப் பாருங்க."

"எனக்கு எங்க வீட்டுக்காரு கொட்டுறதே போதும்த்தா."

ஆனால் ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்தபோது கூட நின்றது மதினிதான். கூடையில் மணல் பரப்பி, ஒரு துருப்பிடித்த ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு வரமிளகாய் வைத்துவிட்டு அதன் மேல் முட்டையை அடுக்கச் சொன்னாள். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடுமாம். இரும்பு இருந்தால் ஆகாதாம். பயிற்சியில் அந்த அம்மா இதெல்லாம் தேவை இல்லை என்று சொல்லியிருந்தார். நான் ஆணியை வைத்தேன். பிறகு எடுத்தேன். வானம் கறுத்தது. மறுபடி வைத்தேன். குஞ்சுகள் பொரிந்தன. இரண்டு மட்டும் பொரியவில்லை. மதினி சொன்னாள், நீ ஆணியை எடுத்த நேரத்தில் எங்கேயோ இடித்திருக்கும் என்று. இருக்கலாம்.

முட்டை வாங்க ஆள் வர ஆரம்பித்தது. பிள்ளை பெற்றவள் வீட்டிலிருந்து, காய்ச்சல்காரர் வீட்டிலிருந்து. தேனீக்களும் நாளுக்கு நாள் கூடின. காலையில் வெயில் விழுந்ததும் வாசலில் நெரிசல். காலில் மஞ்சளாகப் பூந்தூளை அப்பிக்கொண்டு வந்து இறங்கும். எங்கே போய் எடுத்தது என்று தெரியாது. நான் முருங்கை மரத்துப் பக்கம் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இது தேறுகிற மாதிரி இருந்தது. தேறிக்கொண்டிருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண்பட்டுவிடும்.

வீட்டுக்காரர் இரவில் சாப்பிடும்போது அவித்த முட்டையைப் பிட்டு ஒரு பாதியை என் தட்டில் வைப்பார். அவ்வளவுதான்.

ஆயுத பூசை வந்தது.

எங்கள் பக்கத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அதுதான் பெரிய நாள். காலையிலேயே ஜீப்பைக் கழுவினார். இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினார். முன்கண்ணாடிக்கு மேலே மாலை. சந்தனம், குங்குமம். என் அரிவாளையும் மண்வெட்டியையும் கழுவி ஜீப் முன்னால் வைத்தேன். தேங்காய் உடைத்தார். பூசணிக்காய் சுற்றி உடைத்தார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினார். பொரிகடலை கொடுத்தோம். வேலைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் வந்து கும்பிட்டுவிட்டு, எப்ப வர்றே எப்ப வர்றே என்று என்னைக் கேட்டார்கள். நான் பொரியை அள்ளிக் கொடுத்தேன்.

எல்லாரும் போனபிறகு அவர் சந்தனக் கிண்ணத்தோடு கொல்லைப் பக்கம் போனார். நானும் பின்னால் போனேன். பெட்டியின் முன்பலகையில் மூன்று விரலால் சந்தனம் இழுத்தார். நடுவில் குங்குமம் வைத்தார்.

"இதுவும் தொழில் சாமான்தானே," என்றார்.

எனக்கு என்னவோ போல் இருந்தது. கல்யாணம் ஆகி இத்தனை வருசத்தில் என் அரிவாளுக்கு நானேதான் பொட்டு வைத்துக்கொள்வேன். அவர் வைத்ததில்லை.

பிறகு சாம்பிராணிக் கரண்டியைக் கொண்டுவந்தார். நல்ல புகை. பெட்டியைச் சுற்றிக் காட்டினார். வாசலிலும் காட்டினார்.

"புகை ஆகுமா?" என்றேன்.

"பொகை போட்டா அடங்கும்னு நீதான சொன்ன."

சொல்லியிருந்தேன். பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள். பெட்டியைத் திறக்குமுன் தேங்காய் மட்டைப் புகையைக் கொஞ்சம் ஊதினால் தேனீ அடங்கும் என்று. சாம்பிராணிப் புகையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. கடைசியாக ஒரு கை பொரியைப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் பெரிய கோழிகள் ஐந்தும் பெட்டி மேல் நின்றன. பொரியைக் கொத்தின. தகரமூடியில் கொத்துகிற சத்தம் வீட்டுக்குள் வரைக்கும் கேட்டது. மழை பெய்கிற மாதிரி. நான் போய் விரட்டினேன். திரும்பினேன். மறுபடி ஏறின. ஒரு பொரி விடாமல் தின்று தீர்த்தபிறகுதான் இறங்கின.

மறுநாள் விசயதசமி. ஜீப் ஓடாது. காலை வெயில் ஏறியதும் கொல்லையில் ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் பெட்டி வாசலிலிருந்து தேனீக்கள் ஊற்றிக்கொண்டு வந்தன. ஒழுகுகிற மூட்டையிலிருந்து அரிசி கொட்டுவது போல. வானத்தில் சுற்றின. கோழிகள் ஓடிப்போய்க் கொட்டகைக்குள் நின்றன. வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே ஜீப்புக்குள் ஏறிப் படுதாவை இழுத்துவிட்டுக்கொண்டார்.

நான் நின்றேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. கூப்பிட அதற்குப் பெயர் இல்லை. கோழி என்றால் பா பா என்று கூப்பிடலாம்.

அவ்வளவு கூட்டமும் வேலியைத் தாண்டி மதினியின் திராட்சைப் பந்தலில் போய், ஒரு கல்தூண் பக்கம், கம்பியைப் பிடித்துத் தொங்கியது. பார்த்தால் பெரிய பலாக்காய் மாதிரி. அசைந்துகொண்டே இருந்தது.

பெட்டிக்காரருக்குப் போன் போட்டேன்.

"போச்சு அண்ணே. எல்லாம் போயி பந்தல்ல தொங்குது."

"ராணி உண்டோ?"

"எனக்கு எங்க தெரியும்?"

"கூட்டமா தொங்குனா ராணி உள்ள உண்டு. கொறச்சு நேரம் நிக்கும். பின்னே ஒரு எடம் பாத்துப் போகும். போனா கிட்டில்ல சேச்சி. எனிக்கு இன்னைக்கு வரான் பற்றில்ல. சேச்சிதான் பிடிக்கணும்."

அவர் சொன்னது இது. கொஞ்சம் தண்ணீர் தெளி. கீழே ஒரு கூடையைப் பிடி. கம்பியை ஒரே உலுக்கு உலுக்கு. மொத்தமும் விழும். மூடு. பெட்டியை நன்றாகக் கழுவித் துடைத்து, வெயிலில் காயவைத்து, பொழுது சாய்ந்ததும் அதில் கொட்டு. வாசலுக்கு ராணித்தடுப்பு போடு. அது பெட்டியோடு கொடுத்திருந்த ஒரு ஓட்டைத் தகடு. மற்ற ஈ போய்வரும், ராணி மட்டும் வெளியே வர முடியாது.

"எதுனால போச்சு?" என்று கேட்டேன்.

"சாம்பிராணி இட்டோ?"

"இட்டோம்."

"அதாயிருக்கும். மழைக்குப் பூ இல்லாம பசிச்சும் போகும். மெழுகுப் புழு இருந்தாலும் போகும். மருந்து வாசனைக்கும் போகும். சத்தம் கேட்டாலும் போகும்."

"இதுல எது?"

"அது அதுக்கே அறியும்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், பந்தலின் அந்தப் பக்கம் மருந்தடிக்கிற ஆள் மிஷினை இறக்கிக்கொண்டிருந்தார். பூசைக்கு முன்னால் இரண்டு நாள் மழை பெய்திருந்தது. மழை விட்டதும் மருந்து அடிக்காவிட்டால் இலையில் சாம்பல் நோய் விழும், பிஞ்சு போய்விடும். விசயதசமியும் அதுவுமாக அவர் வந்ததே பெரிது. எல்லாத் தோட்டத்துக்காரர்களும் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

வேலியைத் தாண்டிப் போய் மதினியிடம் சொன்னேன். அவள் தொங்குகிற கூட்டத்தைப் பார்த்தாள். மிஷினைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். மேற்கே மலை மேல் மேகம் இருந்தது.

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"தெரியல மதினி."

"உனக்கு என்னதான் தெரியும்? இது போச்சுன்னா நீ ஜீப்புல ஏறிருவ, அப்படித்தான?"

அவளிடம் நான் அதைச் சொன்னதே இல்லை. எப்படித் தெரிந்துகொண்டாள் என்று விளங்கவில்லை. 

மதினி மருந்துக்காரரிடம் போனாள்.

"ஏப்பா, சாப்புட்டியா?"

"சாப்ட்டுத்தான் வந்தேன் யக்கா."

"நல்ல நாளும் அதுவுமா வெறுங்கையோட வேலைய ஆரம்பிக்க விடுவனா? உக்காரு. பூசச் சுண்டல் இருக்கு. பாயாசம் இருக்கு."

"மழ வந்துரும் யக்கா."

"மழ வந்தா வரட்டும். என் பந்தல்தான நனையுது. ஒந்தல நனையாம கொட பிடிக்கச் சொல்றேன். உக்காரு."

அவர் உட்கார்ந்தார். மதினி சுண்டலை எடுத்துவர வீட்டுக்குப் போனவள் வெகு நேரம் வரவில்லை.

நான் கூடை தேடினேன். முட்டைக் கூடை சின்னது. கோழிகளைக் கவிழ்க்கிற பஞ்சாரம்தான் இருந்தது. மூங்கில் பின்னல், ஊடே கண் கண்ணாக இருக்கும். பழைய நூல் சேலையைச் சுற்றிக் கட்டினேன். சேலை முந்தானையைத் தலையைச் சுற்றி இழுத்து விட்டுக்கொண்டேன். பஞ்சாரத்தை மல்லாத்தித் தூக்கினேன். தோளுக்கு மேலே தூக்கியதும் இடுப்பில் வெட்டியது. இறக்கிவிட்டேன். மறுபடி தூக்கினேன். ஒரு கையில் பிடித்தால் மறு கையால் கம்பியை உலுக்க வேண்டும். முடியவில்லை.

அப்போது பஞ்சாரத்தின் கனம் குறைந்தது. திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்காரர். மலையில் மழைக்குப் போடுகிற கோட்டைப் போட்டு, தலையையும் மூடிக் கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தார். மூக்கும் வாயும்தான் தெரிந்தது. இரண்டு கையாலும் பஞ்சாரத்தை அடியில் பிடித்துக்கொண்டார்.  

"உலுக்கு," என்றார்.

தண்ணீர் தெளித்தேன். கம்பியை ஒரே உலுக்கு. மொத்தமும் பொத்தென்று விழுந்தது. அவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சேலையை இழுத்து மூடினேன். வெளியே கிடந்தவை எங்கள் மேல் ஊர்ந்தன. எனக்குக் கையில் இரண்டு மூன்று கொட்டியது. அவருக்கு மேலுதட்டில் கொட்டியது. ம் என்று ஒரு சத்தம். பஞ்சாரத்தை விடவில்லை.

வீட்டுக்கு வந்து நிழலில் வைத்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் மிஷின் சத்தம் ஆரம்பித்தது. மருந்து வாடை வந்தது. அந்த ஆள் ஏப்பம் விட்டுக்கொண்டே அடிப்பது தெரிந்தது.

பெட்டியைக் காலி செய்தேன். அடிப்பலகையில் வெள்ளைப் புழு நாலைந்து கிடந்தது. அதுதான் மெழுகுப் புழு போலிருக்கிறது. தட்டியதும் கோழிகள் வந்து பொறுக்கின. அப்படியென்றால் சாம்பிராணி இல்லையோ என்று தோன்றியது. நாலைந்து புழுவுக்காக வீட்டையே விட்டுப் போகுமா என்றும் தோன்றியது. ஈரத்துணியை எடுத்துக்கொண்டு முன்பலகைக்கு வந்து நின்றேன். சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தது. பூசை வைத்த மறுநாள் பொட்டை அழிக்கலாமா? தொழில் சாமானில் வைத்த பொட்டை.

அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். உதடு வீங்கி மூக்கைத் தொட்டது.

"அழிக்கவா?" என்றேன்.

எழுந்து வந்து பொட்டைப் பார்த்தார்.

"பூசதான் முடிஞ்சிருச்சே. அழி."

துடைத்தேன். மரத்துக்குள் இறங்கியிருந்த சிவப்பு முழுதாகப் போகவில்லை.

"நான் பண்ணதுனாலயா போச்சு?" என்று கேட்டார்.

"தெரியல. கோழி ஏறுனதாக்கூட இருக்கும். புழுவும் இருக்கு."

"இல்ல. நான் பண்ணதுனாலதான்."

எதைச் சொல்கிறார் என்று எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவர் என் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன்.

பொழுது சாய்ந்ததும் சட்டங்களை வைத்து, பஞ்சாரத்தைப் பெட்டி மேல் கவிழ்த்துக் கொட்டினோம். உள்ளே இறங்கின. ராணித்தடுப்புத் தகட்டைச் செருகினேன். ராணி உள்ளே போயிற்றா, பந்தலிலேயே கிடந்து மருந்தில் செத்துவிட்டதா, தெரியாது. பெட்டிக்காரரிடம் போனில் கேட்டேன். நாளைக்கோ மறுநாளோ ஈக்கள் காலில் பூந்தூளோடு வந்தால் ராணி இருக்கும், இல்லாவிட்டால் இல்லை என்றார். இருந்தாலும், தடுப்பை எடுத்ததும் மறுபடி போனாலும் போகும் என்றார்.

சாப்பிட்டோம். அவருக்குக் கஞ்சி மட்டும்தான் இறங்கியது. கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"நாளைக்கி வண்டி போவுது," என்றார். வீங்கிய உதட்டில் வார்த்தை பாதிதான் வந்தது. "பூசையும் முடிஞ்சிருச்சு."

"ஆமா."

"வாரியா?"

பெட்டியைப் பற்றி ஏதாவது நிச்சயமாகத் தெரிந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். தேறியது என்றோ தேறவில்லை என்றோ. எனக்கு இரண்டும் தெரியவில்லை. ஒரு நாள் பொறுத்துச் சொல்கிறேன் என்று சொல்லலாம். ஆனால் ஒரு நாள் கழித்தும் இதே மாதிரிதான் தெரியாமல் இருக்கும் என்று தோன்றியது. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"எனக்கு ஜீப்புல ஏறப் பயமா இருக்குங்க," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை ஆட்டினார்.

"அப்ப அந்த எடத்துக்கு ஆளப் போட்டுக்கிறேன்," என்றார்.

"போட்டுக்கங்க."

விடியுமுன்னே ஜீப் கிளம்பியது. வாழைக்கன்றை அவிழ்க்காமலே போனார். என் இடத்தில் தெற்குத் தெருவில் புதிதாக வாழ வந்த பெண் உட்கார்ந்திருந்தது. சக்கரம் குதிக்கும், கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள் என்று அதனிடம் சொன்னேன்.

வெளிச்சம் வந்ததும் கோழிகளைத் திறந்துவிட்டேன். கல்லில் உட்கார்ந்து பெட்டி வாசலைப் பார்த்தேன். தகட்டு ஓட்டையில் ஒன்று தலையை நீட்டியது. உள்ளே போனது. பிறகு இரண்டு வெளியே வந்து பறந்தன. ஒன்று திரும்பி வந்தது. அதன் காலில் மஞ்சள் இருந்ததா, வெயில் பட்டு அப்படித் தெரிந்ததா என்று பார்ப்பதற்குள் நுழைந்துவிட்டது.

அடுத்தது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.